இணையத்தளத்தில் தமிழ் குழம்பினால்: தரவுத்தளம் வரை போய்ச் சரிசெய்யும் வழி

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கோயில், பாடசாலை, விளையாட்டுக் கழகம், கமக்காரர் அமைப்பு, கடை என்று பலவற்றுக்கும் இணையத்தளம் செய்து கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஊர்ப் பிள்ளைகள்தான். செய்தவர் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுவார். பாஸ்வேர்ட் இன்னொருவர் கைக்கு வரும். ஹோஸ்டிங் மாறும், பிஎச்பி பதிப்பு மாறும். அடுத்த நாள் பார்த்தால் பத்து வருடம் சேர்த்த உறுப்பினர் பெயர்கள், திருவிழா அறிவித்தல்கள், மரண அறிவித்தல்கள் எல்லாம் வாசிக்க முடியாத குறிகளாக நிற்கும். இந்தக் கட்டுரை அப்படியொரு தளத்தைப் புதிதாகப் பொறுப்பேற்றவருக்கானது. பிஎச்பி என்ற நிரலாக்க மொழியும் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளமும் சேர்ந்த தளத்தையே எடுத்துக்கொள்கிறேன், நம் பக்கத்தில் அதிகம் இருப்பது அதுதான்.

கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். நீங்கள் அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடியுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன் முழுத் தரவுத்தளத்துக்கும் காப்புப் பிரதி எடுங்கள். மைஎஸ்கியூஎல்டம்ப் என்ற பிரதியெடுக்கும் கட்டளையைப் பாவிப்பதானால் டிஃபால்ட்-கேரக்டர்-செட் என்ற தெரிவில் யூடிஎஃப்8எம்பி4 என்று கொடுங்கள். யூடிஎஃப்8 என்பது யூனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறை, எம்பி4 என்பது மைஎஸ்கியூஎல்லில் அதன் முழு வடிவம். விண்டோஸ் பவர்ஷெல்லில் அம்புக்குறி போட்டு வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பவேண்டாம். பழைய பவர்ஷெல் அதை யூடிஎஃப்16 ஆக மாற்றி எழுதிவிடும், பிறகு அந்தப் பிரதியே இன்னொரு பிரச்சினை. ரிசல்ட்-ஃபைல் என்ற தெரிவு இருக்கிறது, அதைப் பாவியுங்கள். எடுத்த பிரதியை வேறொரு வெற்றுத் தரவுத்தளத்தில் ஏற்றி, இனி வரும் சோதனைகளை எல்லாம் அங்கேதான் செய்யவேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் பரீட்சித்துப் பார்க்கவே கூடாது.

அடுத்ததாக, திரையை நம்பாதீர்கள். திரையில் கேள்விக்குறி தெரிந்தால் தரவு அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தமிழ் அழகாகத் தெரிந்தால் உள்ளே சரியாக இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. உள்ளே என்ன கிடக்கிறது என்று அளந்துதான் பார்க்கவேண்டும். அளக்காமல், எங்கோ கண்ட கட்டளையை ஓட்டியதால்தான் காப்பாற்றியிருக்கக்கூடிய தரவு பல இடங்களில் நிரந்தரமாகப் போயிருக்கிறது.

ஒரு சொல்லை அளந்து பார்ப்போம்

மட்டக்களப்பு என்ற சொல்லை எடுங்கள். கண்ணுக்கு எட்டு எழுத்து. யூனிகோடில் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் அது 12 குறியீடு. யூடிஎஃப்8 முறையில் நாம் வழக்கமாக அடிக்கும் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் பிடிக்கும். ஆக 36 பைட். அந்த மூன்று பைட்டில் முதலாவது எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175, மூன்றாவதுதான் எந்த எழுத்து என்று சொல்கிறது. உதாரணமாக, ம என்பது 224, 174, 174.

லத்தீன்1 என்ற பழைய ஐரோப்பிய முறையில் ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்து. அந்த முறையில் வாசிக்கும் ஒருவருக்கு 224 என்பது தலையில் சாய்ந்த கோடு போட்ட சின்ன ஆங்கில ஏ, 174 என்பது வட்டத்துக்குள் ஆர், 175 என்பது மேலே நிற்கும் ஒரு சிறு கோடு. குழம்பிய தமிழ்ப் பக்கங்களில் இந்த ஏயும் வட்ட ஆரும் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். சிங்களத்துக்கும் முதல் பைட் 224தான், ஆனால் இரண்டாவது 182 அல்லது 183. அதனால் அங்கே வட்ட ஆருக்குப் பதில் பந்திக் குறியோ நடுப்புள்ளியோ வரும். அம்பாறைப் பக்கம் மும்மொழித் தளம் பார்ப்பவர்களுக்கு, எந்த வரி எந்த மொழி என்று பிரிக்க இது கைகொடுக்கும்.

லத்தீன்1 எங்கிருந்து வந்தது? மைஎஸ்கியூஎல் சுவீடனில் பிறந்தது. 2018இல் 8.0 பதிப்பு வரும்வரை, எதுவும் சொல்லாமல் ஓர் அட்டவணை உருவாக்கினால் லத்தீன்1 முறையும் சுவீடிஷ் வரிசையும்தான் கிடைத்தன. நம் ஊர்ப் பழைய தளங்கள் பலவற்றில் அது அப்படியே இருக்கிறது.

இனி அளப்போம். இதற்கு இரண்டு சார்பு போதும். சார்_லெங்த் எத்தனை எழுத்து என்று சொல்லும், லெங்த் எத்தனை பைட் என்று சொல்லும்.

செலெக்ட் ஊர், சார்_லெங்த்(ஊர்), லெங்த்(ஊர்) ஃப்ரம் உறுப்பினர்;

இங்கே உறுப்பினர் என்பது அட்டவணையின் பெயர், ஊர் என்பது அதிலுள்ள ஒரு நிரலின் (கொலத்தின்) பெயர். உங்கள் தளத்தில் உள்ள பெயர்களைப் போடுங்கள். மட்டக்களப்பு என்று இருக்கவேண்டிய வரியில் என்ன வருகிறது என்று பாருங்கள்.

12, 36 என்று வந்தால் தரவு சரி. குழப்பம் வெளியே எங்கோ இருக்கிறது.

36, 36 என்று வந்தால் லத்தீன்1 நிரலுக்குள் யூடிஎஃப்8 பைட்டுகள் அடைந்து கிடக்கின்றன. பைட் ஒன்றும் கெடவில்லை, பெயர்ப்பலகைதான் பிழை. மீட்கலாம்.

36, 74 என்று வந்தால் இரட்டைக் குறியாக்கம். ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக நினைத்து மறுபடி யூடிஎஃப்8 ஆக்கியிருக்கிறது. இதையும் மீட்கலாம், ஆனால் கவனம் வேண்டும்.

12, 12 என்று வந்தால் அங்கே இருப்பது உண்மையிலேயே 12 கேள்விக்குறிகள். அந்த வரி போய்விட்டது.

ஒரு வரியை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பழைய வரி, நடுவில் ஒன்று, நேற்று சேர்த்தது என்று பல காலத்து வரிகளை அளந்து பாருங்கள். ஒரே நிரலுக்குள் இரண்டு மூன்று வகை கலந்து கிடப்பது மிகச் சாதாரணம்.

தரவு சரி, பக்கம்தான் பிழை என்றால்

இதுதான் எளிய நிலை. பிரவுசரிலிருந்து உள்நோக்கிப் போங்கள். சேர்வர் அனுப்பும் கன்டென்ட்-டைப் தலைப்பில் சார்செட் யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா? பிரவுசரின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியில் இது தெரியும். பக்கத்தின் மெட்டா வரி வேறு சொன்னாலும் பிரவுசர் இந்தத் தலைப்பைத்தான் கேட்கும். மெட்டா வரி பக்கத்தின் முதல் 1024 பைட்டுக்குள் வரவேண்டும். பிஎச்பி கோப்புகளைச் சேமிக்கும்போது பிஓஎம் (கோப்பின் தொடக்கத்தில் வரும் கண்ணுக்குத் தெரியாத குறி) இல்லாத யூடிஎஃப்8 ஆகச் சேமியுங்கள்.

அதிகம் தவறவிடப்படுவது தரவுத்தள இணைப்பு. அட்டவணை யூடிஎஃப்8எம்பி4 ஆக இருந்தாலும், இணைப்பு லத்தீன்1 என்று பேசினால், மைஎஸ்கியூஎல் தமிழை லத்தீன்1க்கு மாற்றிக் கொடுக்கப் பார்க்கும். அதில் தமிழ் இல்லை. அதனால் கேள்விக்குறியைக் கொடுக்கும். திரை முழுக்கக் கேள்விக்குறி, உள்ளே தரவு பத்திரம். பிஎச்பியில் மைஎஸ்கியூஎல்ஐ என்ற இணைப்பு முறையைப் பாவித்தால் இணைப்பு திறந்த உடனேயே செட்_சார்செட் சார்பை யூடிஎஃப்8எம்பி4 என்று அழையுங்கள். பிடிஓ என்ற முறை என்றால் இணைப்பு வரியிலேயே சார்செட்டைக் கொடுங்கள். வேர்ட்பிரஸ் என்றால் டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் டிபி_சார்செட் என்ற வரி. ஒன்று மட்டும் கவனம்: இதை மாற்றுவதற்கு முன் கட்டாயம் அளந்திருக்கவேண்டும். ஏன் என்பது அடுத்த பகுதியில்.

36, 36 என்று வந்தால்

இந்த வகைத் தளம் வருடக்கணக்காக நன்றாக ஓடியிருக்கும். இணைப்பும் லத்தீன்1, நிரலும் லத்தீன்1. போன பைட்டுகள் அப்படியே திரும்பி வரும், பிரவுசர் அவற்றை யூடிஎஃப்8 என்று வாசித்துத் தமிழாகக் காட்டும். தரவுத்தளத்தைப் பிரவுசரில் பார்க்க உதவும் பிஎச்பிமைஅட்மினில் திறந்தால் மட்டும் குறிக்கூட்டம் தெரியும். ஹோஸ்டிங் மாறி, புதிய சேர்வர் இணைப்பை யூடிஎஃப்8எம்பி4 ஆக்கியதும் குட்டு வெளிப்படும். இணைப்பைச் சரியாக்கியதால் தளம் உடைந்ததுபோல் தோன்றும். உண்மையில் பழைய பிழை அன்றைக்குத்தான் கண்ணில் பட்டிருக்கிறது.

இங்கே ஆல்டர் டேபிள் கன்வெர்ட் டு என்ற கட்டளையை ஓட்டவேண்டாம். அது பிழையான பெயர்ப்பலகையை உண்மை என்று நம்பி, எல்லாவற்றையும் இரட்டைக் குறியாக்கம் செய்துவிடும். நிரலை முதலில் வெறும் பைட்டாக மாற்றவேண்டும். அப்போது மைஎஸ்கியூஎல் எதையும் மொழிபெயர்க்காது. அதன்பின் சரியான பெயரைக் கொடுக்கவேண்டும்.

ஆல்டர் டேபிள் உறுப்பினர் மாடிஃபை ஊர் வார்பைனரி(255);

ஆல்டர் டேபிள் உறுப்பினர் மாடிஃபை ஊர் வார்சார்(255) கேரக்டர் செட் யூடிஎஃப்8எம்பி4;

டெக்ஸ்ட் நிரல் என்றால் ப்ளாப் ஆக்கித் திருப்புங்கள், லாங்டெக்ஸ்ட் என்றால் லாங்ப்ளாப். நாட் நல், டிஃபால்ட் போன்றவை நிரலில் இருந்தால் மாடிஃபை வரியில் அவற்றையும் திரும்ப எழுதவேண்டும், விட்டால் அவை காணாமல் போகும். ஃபுல்டெக்ஸ்ட் சுட்டி (தேடலுக்கான இன்டெக்ஸ்) இருந்தால் முதலில் நீக்கிவிட்டுக் கடைசியில் மறுபடி போடுங்கள். நிரலை மாற்றுவதும் இணைப்பை யூடிஎஃப்8எம்பி4 ஆக்குவதும் ஒரே தடவையில் நடக்கவேண்டும், ஒன்றை மட்டும் செய்தால் தளம் குழம்பியபடியே நிற்கும். ஆட்கள் குறைந்த நேரம் பார்த்து, தளத்தைப் பராமரிப்பு நிலையில் வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

இரண்டாவது கட்டளை பிழை சொல்லி நின்றால் பெரும்பாலும் அரைகுறையாக வெட்டுப்பட்ட வரி இருக்கும். லத்தீன்1இல் வார்சார்(255) என்றால் 255 பைட்தான், அதாவது 85 தமிழ்க் குறியீடு. நீண்ட முகவரியோ தலைப்போ அதற்குமேல் போனபோது எழுத்தின் நடுவிலேயே வெட்டுப்பட்டிருக்கும். அந்த வரிகளைத் தேடி, கடைசியில் தொங்கும் ஒன்றிரண்டு பைட்டை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

36, 74 என்று வந்தால்

நிரல் யூடிஎஃப்8, இணைப்பு லத்தீன்1 என்று இருந்த தளங்களில் இது நடக்கும். பின்னோக்கிப் பிரிக்கவேண்டும்: லத்தீன்1க்குத் திருப்பி, பைட்டாக்கி, யூடிஎஃப்8எம்பி4 என்று வாசிக்கவேண்டும்.

அப்டேட் உறுப்பினர் செட் ஊர் = கன்வெர்ட்(காஸ்ட்(கன்வெர்ட்(ஊர் யூஸிங் லத்தீன்1) அஸ் பைனரி) யூஸிங் யூடிஎஃப்8எம்பி4) வேர் ஹெக்ஸ்(ஊர்) லைக் '%சி3ஏ0சி2%';

கடைசி வேர் பகுதியை ஒருபோதும் விடாதீர்கள். இரட்டிப்பான தமிழ், சிங்கள எழுத்து ஒவ்வொன்றும் சி3, ஏ0, சி2 என்ற அந்த மூன்று பைட்டோடுதான் (ஹெக்ஸ் என்ற பதினாறடிமான எண்முறையில்) தொடங்கும். அது இல்லாத வரி ஏற்கெனவே சரியான தமிழாக இருக்கலாம். சரியான தமிழை லத்தீன்1க்கு மாற்றினால் கிடைப்பது கேள்விக்குறி, அதைத்தான் இந்தக் கட்டளை அங்கே எழுதிவைக்கும். அப்டேட் ஓட்டுவதற்கு முன் அதே கோவையைச் செலெக்டில் போட்டு, வரும் பெயர்களைக் கண்ணால் வாசித்துப் பாருங்கள். வாழைச்சேனை வாழைச்சேனையாகவும் சம்மாந்துறை சம்மாந்துறையாகவும் வந்தால் மட்டும் தொடருங்கள். ஒரே வரிக்குள் பாதி சரி, பாதி இரட்டிப்பு என்று இருந்தால் அதைக் கையால்தான் திருத்தவேண்டும்.

இந்த வேலையைத் தரவுத்தளத்துக்குள்ளேயே செய்யச் சொல்வதற்கு வலுவான காரணம் உண்டு. குறிக்கூட்டத்தைப் பிரதியெடுத்து இணையத்தில் கிடைக்கும் மாற்றியில் ஒட்டிப் பார்ப்பவர்கள் பலர். அப்படிச் செய்தால் தமிழ் வரும், ஆனால் புள்ளிகளும் உகரக் குறிகளும் ஓட்டையாகும். லத்தீன்1ஐ ஒட்டிய விண்டோஸ்1252 என்ற முறையில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து பைட்டுக்கும் எழுத்தே ஒதுக்கப்படவில்லை. தமிழ்ப் புள்ளியின் மூன்றாவது பைட் 141. உகரக் குறிக்கு 129. ஏ என்ற எழுத்துக்கு 143, ஐக்கு 144. கண்டிப்பான மாற்றிகள் இந்த இடங்களில் பைட்டை வீசிவிடும், அல்லது கேள்விக்குறி வைக்கும். மட்டக்களப்பு என்ற ஒரே சொல்லில் மூன்று புள்ளி, ஒரு உகரம், ஆக நான்கு இடம் போய்விடும். சிங்களத்தில் கூட்டெழுத்தை இணைக்கும் கண்ணுக்குத் தெரியாத குறிக்கும் கடைசி பைட் 141தான். மைஎஸ்கியூஎல்லின் லத்தீன்1 மட்டும் அந்த ஐந்து பைட்டையும் எறியாமல் தனிக் குறியீடுகளாகப் பத்திரப்படுத்தி வைக்கிறது. அதனால்தான் அங்கே போய்த் திரும்பும் தமிழ் முழுசாக வருகிறது.

12, 12 என்று வந்தால்

கேள்விக்குறியிலிருந்து எழுத்தை மீட்க எந்தக் கட்டளையும் இல்லை. இருப்பதாகச் சொல்பவருக்குக் காசு கொடுக்காதீர்கள். பழைய காப்புப் பிரதி, ஹோஸ்டிங்காரர் வைத்திருக்கும் வாராந்தப் பிரதி, வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் பதிவான பக்கங்கள், படிவம் நிரப்பும்போது நிர்வாகிக்குப் போன மின்னஞ்சல்கள், அச்சிட்டு வைத்த பட்டியல் என்று தேடிப் பாருங்கள். எங்காவது ஒரு நல்ல பிரதி பெரும்பாலும் இருக்கும்.

இந்த அழிவு அதிகம் நடப்பது எக்செல் வழியாக. கமக்காரர் பட்டியலை எக்செல்லில் அடித்து, சாதாரண சிஎஸ்வி ஆகச் சேமித்தால் அந்த நொடியிலேயே தமிழ் கேள்விக்குறியாகிவிடும். சேமிக்கும்போது சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்று தனியாக உள்ள வகையைத் தேர்ந்தெடுங்கள். பிஎச்பிமைஅட்மினில் ஏற்றும்போது கோப்பின் எழுத்து முறை யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா எனப் பாருங்கள்.

பாமினி என்றால் இது வேறு கதை

ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக, தலையில் கோடு போட்ட ஏ எதுவும் இல்லாமல் ஒரு வரி கிடந்தால் அது பெரும்பாலும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது. அம்மா என்று எழுதியது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். நம் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் நீண்ட காலம் பாமினி எழுத்துருவில் அடித்ததால், அங்கிருந்து ஒட்டிய பழைய உள்ளடக்கம் இப்படித்தான் இருக்கும். தரவுத்தளத்தைப் பொறுத்தவரை அது சுத்தமான ஆங்கிலம். மேலே சொன்ன எந்தக் கட்டளையும் அதைத் தொடாது. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டு எடுத்து, ஒரு தடவை வாசித்துத் திருத்தி ஏற்றுங்கள்.

இடம் மாறும்போது வரும் வேறு சில தடைகள்

8.0 பதிப்பிலிருந்து எடுத்த பிரதியைப் பழைய சேர்வரில் ஏற்றினால், யூடிஎஃப்8எம்பி4_0900_ஏஐ_சிஐ என்ற வரிசை முறை தெரியாது என்று நின்றுவிடும். பிரதிக் கோப்பில் அந்தப் பெயரை யூடிஎஃப்8எம்பி4_யூனிகோட்_சிஐ என்று மாற்றி ஏற்றலாம்.

சுட்டி (இன்டெக்ஸ்) 767 பைட்டை மீறுகிறது என்று பிழை வந்தால், பழைய சேர்வரில் வார்சார்(255) நிரலுக்குச் சுட்டி போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். யூடிஎஃப்8எம்பி4இல் ஓர் எழுத்துக்கு 4 பைட் ஒதுக்குவதால் 1020 ஆகிவிடும். 191 என்று குறைத்தால் போதும். 5.7 பதிப்பிலிருந்து இந்த எல்லை 3072 பைட், அங்கே பொதுவாக இந்தத் தொல்லை வராது.

யூடிஎஃப்8 என்று மட்டும் இருந்தால் போதாதா, ஏன் எம்பி4 என்று கேட்பார்கள். மைஎஸ்கியூஎல்லில் வெறும் யூடிஎஃப்8 என்றால் 3 பைட் வரைதான். தமிழ் அதில் நிற்கும், சிங்களமும் நிற்கும். ஆனால் கைத்தொலைபேசியிலிருந்து யாராவது ஒரு சிரிப்பு முகத்தோடு கருத்து அனுப்பினால் அது 4 பைட், அந்த இடத்தில் வரி வெட்டுப்படும் அல்லது சேமிக்க மறுக்கும். நெல், உழக்கு, குறுணி போன்ற பழைய தமிழ் அளவைக் குறிகள் 2019இல் யூனிகோடில் சேர்ந்தன. அவையும் 4 பைட்தான். நெல் விளையும் மாவட்டத்தில் பழைய வயற்கணக்குகளைப் பதிவு செய்ய நினைப்பவர்கள் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

முன்பக்கத்தில் செய்திச் சுருக்கத்தின் முடிவில் மட்டும் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வருகிறதா? அப்படியானால் தரவுத்தளத்தைத் தேடவேண்டாம். பிஎச்பியின் சப்எஸ்டிஆர் பைட் கணக்கில் வெட்டும். மட்டக்களப்பை 10 பைட்டில் வெட்டினால் மட் என்பதும் அடுத்த எழுத்தின் மூன்றிலொரு பங்கும் மிஞ்சும். எம்பி_சப்எஸ்டிஆர் பாவித்தால் வைரம் போய்விடும், ஆனால் எழுத்திலிருந்து புள்ளி பிரியலாம். க்ராஃபீம்_சப்எஸ்டிஆர் பாவித்தால் தமிழ் எழுத்து முழுசாக நிற்கும். அதற்குச் சேர்வரில் பிஎச்பியின் இன்டில் என்ற நீட்சி இருக்கவேண்டும்.

அதே நீட்சியில் நார்மலைசர் என்ற வகுப்பும் உண்டு. கொக்கட்டிச்சோலை என்பதில் கொ, சோ இரண்டையும் ஒற்றைக் குறியாகவும் அடிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் இரட்டைக் கொம்பும் காலும் என்று பிரித்தும் அடிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. அளந்தால் ஒன்று 15, மற்றது 17. தேடும்போது சில பெயர்கள் அகப்படாமல் போவதற்கு இது ஒரு காரணம். படிவத்திலிருந்து வருவதைச் சேமிப்பதற்கு முன் நார்மலைசரில் விட்டு எடுங்கள், அது இரண்டு விதத்தையும் ஒரே வடிவமாக்கிவிடும்.

எல்லாம் முடிந்ததும், தளத்தின் படிவம் வழியாகவே, சாதாரண ஆள் நிரப்புவதுபோல, ஒரு சோதனை வரி சேருங்கள்: ஏறாவூர் ஐயன்கேணி மட்டக்களப்பு. சிக்கல் பிடித்த ஏ, ஐ, புள்ளி, உகரம் நான்கும் அதில் இருக்கின்றன. சொற்களுக்கு நடுவில் ஒவ்வோர் இடைவெளி விட்டு அடித்தால் சார்_லெங்த் 29 என்றும் லெங்த் 83 என்றும் வரவேண்டும். கடைசியில் இடைவெளி விடாமல் ஒரு சிரிப்பு முகம் சேர்த்தால் 30, 87. அந்த எண்கள் வந்து, பக்கத்திலும் பிஎச்பிமைஅட்மினிலும் ஒரே மாதிரித் தமிழ் தெரிந்தால், தளத்தைப் பராமரிப்பு நிலையிலிருந்து எடுத்துவிடலாம். முதலில் எடுத்த காப்புப் பிரதியைக் குறைந்தது ஒரு மாதத்துக்காவது அழிக்காமல் வைத்திருங்கள், ஆட்கள் அடிக்கடி திறக்காத பழைய பக்கமொன்றில் மீதிக் குழப்பம் பிறகுதான் கண்ணில் படும்.